கடலடி மண்ணில் தீவு கட்டிய என்ஜினீயர்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வீட்டுப் படியேறும் போதெல்லாம், "எனக்குத் தண்டவாளத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதே, ஐயா" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த முறை அவர் விடவில்லை. "தண்டவாளம் எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்தைப் பற்றியாவது எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் தண்டவாளம் போய் முடிந்த இடம் கொச்சி துறைமுகம். ஆகவே அந்தத் துறைமுகத்தையும் அதைக் கட்டிய மனிதரையும் பற்றி எழுதத் துணிந்தேன். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நம்மில் பலர் பிழைப்புக்காக மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து இந்த மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் குடியேறியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அரண்மனை, யூதர் தெரு, சீன வலை என்று சுற்றிக் காட்டுகிறோம். படகுத்துறையில் நின்று எதிரே தெரியும் கிரேன்களையும் கப்பல்களையும் காட்டி, "அது வில்லிங்டன் தீவு" என்கிறோம். அந்தத் தீவு நம் தாத்தாக்கள் பிறந்தபோது அங்கே இல்லை என்பதை எத்தனை பேர் குழந்தைகளுக்குச் சொல்கிறோம்? அந்த இடத்தில் காயல் தண்ணீர்தான் இருந்தது. தெற்கே வெண்டுருத்தி என்ற சிறு தீவு மட்டும் இயற்கையானது. மற்றதெல்லாம் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொட்டிய மண்.

அந்த மண்ணைக் கொட்டியவர் சர் ராபர்ட் பிரிஸ்டோ. 1880 டிசம்பர் 13-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். 1903-ல் பிரிட்டிஷ் கடற்படை இலாகாவான அட்மிரால்டியின் சிவில் என்ஜினீயரிங் பிரிவில் சேர்ந்து, போர்ட்ஸ்மத், மால்டா ஆகிய துறைமுகங்களில் கை பழகியவர். 1920 ஏப்ரல் 13-ஆம் தேதி, தம் 39-ஆம் வயதில் கொச்சிக்கு வந்து இறங்கினார். அனுப்பியவர் சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு. ஆம், சென்னை மாகாணம்தான்! அன்றைக்கு ஃபோர்ட் கொச்சி, மலபார் ஜில்லாவைச் சேர்ந்த பிரிட்டிஷ் மண். அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ராஜ்ஜியம். கொஞ்சம் தெற்கே போனால் திருவிதாங்கூர். ஒரு காயலுக்கு மூன்று எஜமானர்கள். அவர்களுக்கு மேலே டில்லி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரிஸ்டோவைப் பற்றித் தெரிந்துகொண்டது பக்தியால் அல்ல, ஒரு சண்டையால்.

நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு 1980-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். சில வருடங்கள் கழித்து எர்ணாகுளத்துக்கு மாற்றலாகி வந்தேன். நிரந்தர வழி, அதாவது தண்டவாளமும் ஜல்லியும் ஸ்லீப்பரும் என் பொறுப்பு. எர்ணாகுளம் ஜங்ஷனிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி, மட்டாஞ்சேரி ஹால்ட் கடந்து, கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் வரை டிராலியில் போய் வருவது வழக்கம். (மட்டாஞ்சேரி ஹால்ட் என்று பெயர் இருக்கிறதே தவிர, அந்த ஸ்டேஷன் மட்டாஞ்சேரியில் இல்லை, காயலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அதை நம்பி இறங்கி ஏமாந்த நம் ஊர்க்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.) உப்புக் காற்றில் கர்டர் துருப்பிடிக்கும். போல்ட்டுகள் வெள்ளையாகப் பூத்துப்போகும். மழைக்காலம் வந்தால் இரவு ரோந்து போட வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். என் கீழ் வேலை பார்த்த ஒரு கீமேன் செல்லானத்துக்காரர். தோப்புமேடும் மீன்பிடிக் குடிசைகளுமாகக் கடலோரம் நீண்டு கிடக்கிற ஊர் அது, இங்கிருந்து தெற்கே. ரோந்து அவசரமான அந்த வாரத்தில் அவர் மூன்று நாள் சொல்லாமல் வரவில்லை. நான் ஆப்சென்ட் போட்டு, விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுத்தேன். விதிப்படி சரிதான். நான்காம் நாள் வந்தவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு மலையாளத்தில் சொன்னார்: "பாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஆள் போடுகிறீர்கள், சார். என் வீட்டில் இடுப்பு வரைக்கும் ஏறியது. அதைப் பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன்."

மறு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணை வரை கடல் மணல். சமையல் அறையில் அடுப்பு மண்ணுக்குள் கிடந்தது. அவருடைய அப்பா, எண்பது வயதிருக்கும், தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். நான் ஹார்பர் லைன்காரன் என்று தெரிந்ததும், "உங்கள் துறைமுகம் எங்கள் மணலைத் தின்றுவிட்டது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. துறைமுகம் என்னுடையதா என்ன? ஆனாலும் அந்தத் துறைமுகத்தால் வந்த ரயில்தான் எனக்குச் சோறு போட்டது. அந்த விளக்கக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். லீவாக மாற்றிக் கொடுத்தேன். ஆனால் பெரியவர் சொன்ன வார்த்தை உள்ளே தங்கிவிட்டது. உண்மையா, பொய்யா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முனைப்பில்தான் பிரிஸ்டோவைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மணல் திட்டு என்ற பூட்டு

கொச்சி அழிமுகத்தின் கதை 1341-ஆம் ஆண்டில் தொடங்குவதாகச் சொல்வார்கள். பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் பழைய முசிறித் துறை தூர்ந்துபோக, கொச்சியில் கடல்வாய் அகன்றது என்பது வழிவழியாக வரும் வரலாறு. சங்கப் பாட்டில் நாம் படித்த முசிறி போய்க் கொச்சி வந்தது. உள்ளே விரிந்த காயல், காற்றுக்கு அடக்கமான இடம், ஆசியாவிலேயே கிடைப்பதற்கரிய இயற்கைத் துறைமுகம். ஆனால் வாசலில் ஒரு பூட்டு இருந்தது. ஆறுகள் கொண்டுவரும் மண்ணும் கடல் அலை தள்ளிவரும் மணலும் அழிமுகத்துக்கு வெளியே சந்தித்து, பாறைபோல் இறுகிய ஒரு மணல் திட்டாகக் குறுக்கே படுத்திருந்தது. அதன் மேல் எட்டு ஒன்பது அடிக்கு மேல் தண்ணீர் தேவைப்படும் எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாது.

அதனால் பெரிய கப்பல்கள் இரண்டு மூன்று மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போடும். மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் கயிறும் கொப்பரையும் தோணிகளில் ஏறி, அலையில் ஆடி ஆடிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். நம் மட்டாஞ்சேரிப் பஜாரில் இன்றும் மிளகு வாசனை அடிக்கிற பழைய கிடங்குகளைப் பார்த்தீர்களானால், அவை ஏன் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கின்றன என்பது புரியும். ஒவ்வொரு கிடங்குக்கும் பின்புறம் ஒரு தோணித்துறை.

திட்டை வெட்டிவிட்டால் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்பின்வால் போன்ற வணிகர்கள் கேட்ட கேள்விதான் இது. என்ஜினீயர்கள் தலையசைத்தார்கள். அந்தத் திட்டு கப்பலுக்கு எதிரி என்றாலும் கரைக்கு நண்பன். மழைக்கால அலைகள் அதில் மோதி உடைந்த பிறகுதான் கரைக்கு வருகின்றன. அதை எடுத்துவிட்டால் அலை நேராக வடகரை வைப்பின் மீதும் தென்கரை ஃபோர்ட் கொச்சி மீதும் பாயும். நிலம் போகும், வெட்டிய கால்வாயும் மறு வருடமே தூர்ந்துவிடும் என்று பயந்தார்கள். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வைப்பின் கரை அதற்கு முன்பே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

பிரிஸ்டோ வந்ததும் முதலில் எதையும் வெட்டவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இங்கேதான். காற்று, நீரோட்டம், ஏற்ற வற்றம், மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார். வைப்பின் கரையில் கருங்கல்லால் தடுப்புச் சுவர்கள் போட்டுப் பார்த்தார். சாதாரணமாகக் கரைக்குச் செங்குத்தாகக் கடலுக்குள் நீட்டிப் போடுவார்கள். இவர் கரைக்கு ஏறக்குறைய இணையாக, ஒன்றின் முனையை மற்றொன்று மூடுமாறு போட்டார். அலை உள்ளே வரும்போது கொண்டுவந்த மணலைத் திரும்பும்போது அந்த இடுக்குகளில் விட்டுவிட்டுப் போகும். அலையே கரை கட்டிக் கொடுக்கும். முப்பத்தெட்டு வருடம் மண் சரிவோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பகைவனையே கூலியாளாக வைத்துக்கொள்வது எளிய யோசனை அல்ல.

இன்னொரு விஷயமும் அவரை விடாமல் இழுத்தது. மலபார்க் கரையில் மழைக்காலத்தில் சில இடங்களில் மட்டும் கடல் குளம்போல் அமைதியாகிவிடும். அடியிலிருக்கும் நுண்ணிய சேறு கலங்கி மிதந்து அலையின் வேகத்தைக் குடித்துவிடுகிறது. மலையாளத்தில் இதைச் "சாகர" என்பார்கள். சாகர வந்துவிட்டால் மீனவர்களுக்குத் திருவிழாதான், அத்தனை மீன் கிடைக்கும். ஆலப்புழைப் பக்கமும் வடக்கே ஞாறக்கல் பக்கமும் இதற்குப் பெயர்போனவை. இந்தச் சேற்றுத் திட்டுகள் எங்கே தோன்றின, எப்படி நகர்ந்தன என்று பழைய பதிவுகளை எல்லாம் தேடித் தொகுத்து 1938-ல் ஒரு நூலாகவே வெளியிட்டார். துறைமுகம் கட்ட வந்தவருக்குச் சேற்றின் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். அலையைத் தடுக்கக் கல்லைத் தவிர இயற்கையிடம் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

தீவு வந்த விதம்

கடலைவிடக் கோப்புகள்தாம் அவரை அதிகம் அலைக்கழித்தன என்று சொல்ல வேண்டும். செலவை யார் கொடுப்பது, சுங்க வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதிலேயே வருடங்கள் போயின. கடைசியில் 1925-ல் இந்திய அரசு, சென்னை மாகாண அரசு, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய நான்கும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. "லார்ட் வில்லிங்டன்" என்ற பெரிய தூர்வாரும் கப்பல் 1926 மே மாதம் கொச்சி வந்து சேர்ந்தது.

அது வேலை செய்த விதத்தைக் குழந்தைகளுக்கு இப்படிச் சொல்லலாம். பாயசத்தின் அடியில் தங்கிய ஜவ்வரிசியை உறிஞ்சுகுழலால் இழுப்பதுபோல. கப்பலின் முன்னே பல் வைத்த ஒரு சுழல் வெட்டி இறுகிய மணலைக் கிளறும். பின்னால் உள்ள பம்பு தண்ணீரும் மணலுமாக உறிஞ்சும். அந்தக் குழம்பு மிதக்கும் குழாய்கள் வழியே காயலுக்குள் பாய்ந்து, வரப்புக் கட்டிய இடத்தில் விழும். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். வெளியே திட்டை வெட்டிய மண்ணே உள்ளே தீவாக எழுந்தது. ஒரு நாளில் இருபது மணி நேரம் கப்பல் ஓடியாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். மூன்றரை மைல் நீளம், 450 அடி அகலத்துக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. சுமார் 780 ஏக்கர் நிலம் தண்ணீரிலிருந்து எழுந்தது. மட்டாஞ்சேரியை நோக்கிய பக்கத்தில் ஒரு கப்பல்துறை, எர்ணாகுளத்தை நோக்கிய பக்கத்தில் ஒன்று. அந்த மாகாண கவர்னர் பெயரையே தீவுக்கும் வைத்தார்கள். கட்டியவர் பெயர் ஒரு சாலைக்கு மட்டும் கிடைத்தது. என்ஜினீயர்களுக்கு இது பழக்கமான பங்கீடுதான்.

1928 மே 26-ஆம் தேதி "பத்மா" என்ற நீராவிக் கப்பல் புதிய கால்வாய் வழியே உள் துறைமுகத்துக்குள் வந்தது. நூற்றாண்டுகளாக நடுக்கடலில் நின்ற கப்பல் அன்று மட்டாஞ்சேரிக்காரர்கள் கண்ணெதிரே வந்து நின்றது. 1936-ல் கொச்சி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் நம்மவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பிரிஸ்டோ வந்திறங்கியபோது கொச்சி திவானாக இருந்தவர் டி. விஜயராகவாச்சாரியார். பிறகு 1935 முதல் 1941 வரை, துறைமுகம் முழு உருப்பெற்ற ஆண்டுகளில் திவானாக இருந்தவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். தமிழிசைக்காகப் பாடுபட்டவர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். எர்ணாகுளத்தில் காயலோரம் துணிக்கடைகளுக்கு நாம் படையெடுக்கிற சண்முகம் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. தெருப் பெயரைச் சுருக்கிச் சுருக்கி, அது யார் என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது. இவர்களைத் தவிர, கல் சுமந்தவர்கள், வரப்புக் கட்டியவர்கள், குழாய் இழுத்தவர்கள் என்று பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குச் சாலையும் இல்லை.

முப்பதுகளின் இறுதியில் வெண்டுருத்திப் பாலம் எழுந்தது. தீவுக்கு ரயில் வந்தது. தீவிலிருந்து தோப்பும்படிக்கு, நடுக்கண்ணைத் தூக்கினால் தோணிகள் போக வழிவிடுகிற பாலம் நாற்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. நம்மில் மூத்தவர்கள் அதை "மட்டாஞ்சேரிப் பாலம்" என்பார்கள். பெங்களூரிலிருந்து ஹார்பர் டெர்மினஸ் வரை ஓடிய வண்டிக்கு இந்தத் தீவை வைத்தே ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று பெயர். வண்டியைப் பிறகு திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நீட்டிவிட்டார்கள். தீவுக்கு வராத வண்டி தீவின் பெயரோடு ஓடியது.

மனிதர் எப்படி?

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. அந்நிய ஆட்சியின் சம்பளக்காரர். அவர் கட்டிய துறைமுகம் அந்த ஆட்சியின் வணிகத்துக்கும் போருக்கும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இராணுவம் எடுத்துக்கொண்ட துறைமுகம் 1945-ல்தான் சிவில் நிர்வாகத்துக்குத் திரும்பியது. ஆனால் வெள்ளையர் கிளப்புகளில் இந்தியர் நுழைய முடியாத காலத்தில், அவரும் மனைவி கெர்ட்ரூடும் 1931-ல் எல்லா இனத்தவரும் சேர்ந்து உட்காரக்கூடிய லோட்டஸ் கிளப்பை எர்ணாகுளத்தில் தொடங்கினார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்?

நம் ஊர்ப் பக்கம் நினைவுக்கு வருகிற வெள்ளைக்கார என்ஜினீயர்கள் பெரும்பாலும் சீருடை அணிந்தவர்கள். பர்மா யுத்தத்துக்குப் போய்வந்து கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் 96 வயது வாழ்ந்தார். அபிசீனியப் போரைக் கண்ட பென்னிகுயிக்குக்குத் தேனிப் பக்கம் பொங்கலே வைக்கிறார்கள். (கேரளத்தில் குடியிருந்துகொண்டு முல்லைப் பெரியாற்றைப் பற்றி எழுதாதீர்கள் என்று என் மனைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாள். விட்டுவிடுகிறேன்.) பிரிஸ்டோ யுத்தகளத்துக்காரர் அல்ல, கடற்படை இலாகாவின் துறைமுகக்காரர். ஆனாலும் அவருக்கும் அந்த இராணுவப் பிடிவாதம் இருந்தது. ஒரே ஊர், ஒரே வேலை, இருபத்தோரு வருடம்.

1941 ஏப்ரல் 13-ஆம் தேதி, வந்த அதே தேதியில், கொச்சியை விட்டுக் கிளம்பினார். வயது அறுபது. நானும் அறுபதில்தான் ஓய்வு பெற்றேன். என் கடைசி நாளன்று டிராலியில் பாலம் வரை போய்வந்தபோது அவர் நினைவுதான் வந்தது. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் இருந்தது. 78-ஆம் வயதில், 1959-ல், கொச்சியைப் பற்றி "கொச்சின் சாகா" என்ற புத்தகத்தை வெளியிட்டார். கேரளத்தில் அந்நியர் ஆட்சியும் வணிகமும் நடந்த வரலாற்றோடு தம் துறைமுகக் கதையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஒரு நண்பர் கொடுத்த பழைய பிரதியை அகராதியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தேன். 1966 செப்டம்பரில், 86-ஐ எட்ட மூன்று மாதம் இருக்கையில், இங்கிலாந்தில் காலமானார்.

பெரியவரின் கேள்வி

இனி செல்லானத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்னது உண்மையா?

படித்ததையும் கேட்டதையும் வைத்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கரையோரம் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அலை சாய்ந்து அடிப்பதால் கரையை ஒட்டியே நடந்துகொண்டிருக்கிறது, ஒரு பருவத்தில் தெற்கே, ஒரு பருவத்தில் வடக்கே. அழிமுகத்துக்குக் குறுக்கே ஆழமான கால்வாய் வெட்டினால், நடந்து வருகிற மணல் அதில் விழுந்துவிடும். தூர்வாரும் கப்பல் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அக்கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் போய்ச் சேராது. செல்லானம் கரை அரிப்புக்குத் துறைமுகக் கால்வாயையும் அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தையும் ஆய்வாளர்கள் காரணங்களாகச் சொல்கிறார்கள். ஆக, பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மணல் எங்கே போகிறது என்பதை அவர் எண்பது வருடம் தம் வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதுவும் ஓர் அளவைதான்.

அப்படியானால் பிரிஸ்டோ தவறு செய்தாரா? இதை எழுதுகையில் பலமுறை அடித்து அடித்து எழுதினேன். வடகரை வைப்பின் அரிக்கும் என்று முன்கூட்டியே அறிந்து அதற்கு வழி செய்தவர் அவர். தென்கரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, அறுபது எழுபது வருடம் கழித்து என்ன ஆகும் என்பது அவர் கணக்கில் எந்த அளவு இருந்தது என்று என்னால் சொல்ல இயலாது. அவர் வெட்டிய கால்வாய் அவரோடு நிற்கவும் இல்லை. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகக் கால்வாயும் ஆழமானது. 2011-ல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. கால்வாயை ஆழப்படுத்தியவர்களுக்கும் மணலின் கணக்கைப் பார்த்திருக்க வேண்டிய கடமை உண்டு. தண்டவாளம் போட்டவரைவிட அதைப் பராமரிக்கிறவனுக்குத்தான் விபத்தில் பொறுப்பு அதிகம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். என் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ரயில்காரன் புத்தி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் நம் சங்கக் கூட்டம் ஒன்றில் பிரிஸ்டோவைப் பற்றிப் பேசினேன். நிறையக் கைதட்டல். செல்லானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

2017-ல் ஓக்கி புயலும் 2021 மே மாதத்தில் டவ்தே புயலும் வந்தபோது செல்லானம் மறுபடியும் மூழ்கியது. அதன் பிறகு நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டிகளை, டெட்ராபாட் என்பார்கள், அடுக்கி ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நல்ல வேலை. அலை வந்து கால்களுக்கிடையே நுழைந்து மூச்சு வாங்கித் திரும்புகிறது. மாலையில் குடும்பம் குடும்பமாக வந்து அதன் மேல் நடக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் போய் ஒரு மாலை பார்த்துவிட்டு வரலாம்.

அந்த கீமேன் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் அப்பா போய்ப் பல வருடங்களாகின்றன. ஓணத்துக்கு நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து கொடுப்பார், பொங்கலுக்கு நாங்கள் கரும்பு கொடுத்தனுப்புவோம். ஹார்பர் டெர்மினஸுக்குப் பயணிகள் வண்டி நின்றுபோனபோது அவர்தான் முதலில் போன் செய்து, "நாம் துடைத்த தண்டவாளத்தில் புல் முளைக்கிறது, சார்" என்றார். நடுவில் சில காலம் ஒரு டெமு வண்டி விட்டுப் பார்த்தார்கள். ஏறுவதற்கு ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் பேரன் ஊரிலிருந்து வந்திருந்தான். மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். கால்வாயில் ஒரு தூர்வாரும் கப்பல் நின்றது. தீவு வந்த கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, மண்ணை எடுத்து முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே, அப்ப அது இன்னும் என்ன எடுக்குது?" என்றான். "முடியவில்லைடா, தினமும் எடுக்க வேண்டும், எடுக்கிற மணல் நாளைக்கு மறுபடி வந்துவிடும்" என்றேன். "அப்ப அந்த மணலைக் கரைக்கே திருப்பிக் கொடுக்கலாம்ல?" என்றான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். உலகத்தில் சில துறைமுகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். இங்கே ஏன் செய்யவில்லை என்று அடுத்த கேள்வி வருவதற்குள் படகு வந்துவிட்டது.

அன்று இரவு கீமேனுக்குப் போன் செய்து பேரன் கேட்டதைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "சுவர் இருக்கிற இடத்தில் எங்களுக்கு இப்போது நிம்மதி, சார். ஆனால் சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே, கண்ணமாலிப் பக்கம், மகள் வீட்டுக் கரை போய்க்கொண்டிருக்கிறது. சென்ற மழைக்கு முன்னால் தென்னைக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை அடி இருந்தது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வந்து அளந்து பாருங்கள்" என்றார்.

ஜூன் முதல் வாரம், மழை பிடிப்பதற்குள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய முப்பது மீட்டர் நாடா பரணில் இருக்கிறது, எடுத்து எண்ணெய் போட வேண்டும்.